அவருதான் குலம்

பேருந்து நின்றதும் முதலில் ஓடி வந்தது டைகர்தான்.

பழுப்பு நாய். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். தோட்டத்து மண்டபத்தின் முன்னால் நாங்கள் முப்பது பல்கலைக்கழக மாணவர்கள் இறங்கிக்கொண்டிருக்கிறோம். தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி மாலையோடு நிற்கிறார். விரிவுரையாளர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். இத்தனை பேரையும் விட்டுவிட்டு டைகர் நேரே என்னிடம் வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் என் மேல் தூக்கி வைத்து, முகத்தை நக்கியது.

"நாய்களுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறதே" என்றாள் மார்கரெட், ஆங்கிலத்தில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண்.

"எல்லா நாயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, குனிந்து அதன் மடிந்த காதில், "போடா, மானத்த வாங்காத" என்றேன். அது வாலை இன்னும் வேகமாக ஆட்டியது.

தோட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். டைகரிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. படித்துவிட்டு ரவாங்கிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டார். "விடுதியில உங்கள கிராணி மகள்னு கூப்பிடுவாங்கன்னு எழுதியிருக்கீங்களே, உங்கப்பா கிராணியா?" என்று கேட்டார். இல்லை அம்மா, கிராணி இல்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இல்லாத ரோஜாத் தோட்டம்

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். கோலாலம்பூரில் விடுதிக்குப் போன முதல் வாரம். என் அறைத்தோழி சாந்தினி, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வழக்கறிஞரின் மகள். அவளுக்குத் தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு தோசை கேட்கலாம், சட்னி கேட்க முடியாது. "உன் அப்பா என்ன செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் சும்மாதான் கேட்டாள்.

"எஸ்டேட்டில்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "ஆபீசில்" என்றது.

பொய்யும் பூனைக்குட்டியும் ஒன்று. சோறு போட்டால் வளர்ந்துவிடும். ஒரே வருடத்தில் என் அப்பா பெரிய கிராணி ஆகிவிட்டார். கோலசிலாங்கூர் கோட்டை மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பங்களா வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் எங்கள் மாம்பழத்தைத் திருடின. வாசலில் ரோஜாத் தோட்டம். அதற்கு உரம் போடுவதைப் பற்றிக்கூட நான் பேசியிருக்கிறேன்.

நிஜத்தில் என் அப்பா வீராசாமி, ஜெராம் பக்கத்தில் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். அப்பா அதிகம் பேசமாட்டார். விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடும்போது "இருக்கேங்க" என்பார். ஒரு நாளில் அவர் சத்தமாகச் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. வெளிநாட்டு மாணவர்களும் நாங்களும் சேர்ந்து ஐந்து நாள் ஒரு கிராமத்தில் தங்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு பேர். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பி, கடைசி நாள் ஊரார் முன்னால் அறிக்கை வாசிக்க வேண்டும். போகாதவருக்கு அந்தப் பாடத்தில் மதிப்பெண் கிடையாது.

சிலாங்கூரில் இருக்கிற தோட்டங்களுக்கெல்லாம் விரிவுரையாளர் கடிதம் போட்டிருக்கிறார். ஒரே ஒரு தோட்டம்தான் பதில் எழுதியது. எது என்று நான் சொல்ல வேண்டுமா?

"உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்றாள் சாந்தினி.

"எங்க அப்பாவோட தோட்டம் இன்னும் தூரம், சபாக் பக்கம்" என்றேன். பூனைக்குட்டிக்கு இன்னொரு பிடி சோறு.

அப்ப நான் யாரு?

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது அரிவாளைத்தான் பார்த்தேன், அப்பாவைப் பார்க்கவில்லை.

"அதாவது," என்றார் அம்மா, "எங்கள உனக்குத் தெரியாது."

"அஞ்சு நாளைக்குத்தாம்மா."

"அப்ப நான் யாரு?"

"நீ அந்த வீட்டுல இருக்கிற அம்மா."

"அதத்தானே இருவது வருசமா இருக்கேன்."

அப்பா தீட்டுவதை நிறுத்தவில்லை. "சரி" என்றார். அவ்வளவுதான். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிற மனுஷி இல்லை. அன்று சாயங்காலமே குழாயடியில் வைத்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். "பத்மா வருவா. யாருக்கும் அவளத் தெரியாது. வாயத் தொறந்தீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்." வாய் நிற்காத என் தம்பிகள் இருவரும் சபாக்கில் இருந்த மாமா வீட்டுக்கு மூட்டை கட்டப்பட்டார்கள்.

வாங்கம்மா, வாங்க

விரிவுரையாளரையும் சேர்த்து, வந்தவர்களில் தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், மொழிபெயர்ப்பு வேலை என் தலையில். மார்கரெட்டுக்குத் துணையாக விரிவுரையாளர் என்னைப் போட்ட வீடு பதினாலாம் நம்பர். என் வீடு. சாந்தினிக்குப் பக்கத்து வீடு, மாரியாயி அக்கா வீடு.

லயத்துச் சனங்கள் நடித்த நடிப்பு இருக்கிறதே. சின்ன வயதில் என்னைக் குளிப்பாட்டி, தலைசீவி, அடித்து வளர்த்த மாரியாயி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, நல்லா செவப்பா இருக்கு லா" என்றார். நான் கறுப்பு. அதையாவது சரியாகச் சொல்லியிருக்கலாம்.

அம்மா வாசலில் செம்பில் தண்ணீரோடு நின்றார். "வாங்கம்மா, வாங்க. பேரு என்னங்க?"

"பத்மாவதி."

"நல்ல பேரு. யாரு வச்சாங்க?"

"எங்கப்பா."

"பெரிய மனுசரா இருக்கணும்" என்றார் அம்மா, கண்ணைக் கொட்டாமல்.

புதுப்பாய் எனக்கு. கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் பூப்போட்ட கோப்பை எனக்கு. சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனால், "ஐயோ, நீங்க வைங்க, விருந்தாளி" என்று பிடுங்கிக்கொள்வார். முதல் நாள், உண்மையைச் சொல்கிறேன், சொகுசாகவே இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் பாத்திரம் கழுவாத முதல் நாள் அது.

அப்பாவைக் காணவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். மத்தியானம் வந்தால் பின்பக்கமாக வந்து, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் குந்திச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே போய்விடுவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானும் செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை.

படிவமும் பாசார் மலாயும்

இரண்டாம் நாள் படிவ வேலை. மார்கரெட் தன் ஊரிலேயே மலாய் படித்துவிட்டு வந்தவள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி சுத்தமாகப் பேசுவாள். லயத்துப் பெண்கள் பேசுவதோ கடைத்தெருவில் கற்ற பாசார் மலாய். அங்கே 'தடா' என்றால் இல்லை, 'சாக்காப்' என்றால் பேசுவது. அதை வைத்துக்கொண்டே எங்கள் சனங்கள் மீன் வாங்குவார்கள், பஸ் ஏறுவார்கள், சண்டையும் போடுவார்கள்.

படிவத்தில் முதல் கேள்வி: கணவர் பெயர்.

இங்கேதான் வண்டி குடை சாய்ந்தது. அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்வாள்? மார்கரெட் கேட்பாள். அந்தம்மா வெட்கப்பட்டுச் சிரித்து, தூரத்தில் லோரியில் குலை ஏற்றிக்கொண்டிருக்கும் ஆளைக் கையால் காட்டி, "அவருதான்" என்பார். மார்கரெட் எழுதிக்கொள்வாள்: அவருதான். அடுத்த வீட்டிலும் அவருதான். அதற்கடுத்த வீட்டிலும்.

மாரியாயி அக்கா மட்டும் உதவி செய்ய நினைத்து, "பஞ்சாமிர்தம் விக்கிற மலை இருக்குல்ல, அந்த ஊரு" என்றார். பழனி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மார்கரெட் பஞ்சாமிர்தம் என்று எழுதினாள்.

ஏன் சொல்லவில்லை? வழக்கத்தை விளக்கினால், சரி, ஆபீசில் பேர்ப் பட்டியல் வாங்கிக்கொள்வோம் என்பார்கள். பட்டியலில் பதினாலாம் நம்பர் வீராசாமி. என் அடையாள அட்டையிலும் வீராசாமி மகள். வகுப்பில் தினமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மார்கரெட் ஒரு பெரிய தாளில் வம்ச மரம் வரைந்தாள். இருபத்து மூன்று வீட்டில் பதினேழு வீடு ஒரே குலம் என்று விரிவுரையாளருக்கு விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அபூர்வமான விஷயம்" என்றார்.

அந்த மார்கரெட் பின்னால் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். வருஷா வருஷம் எனக்கு வாழ்த்து அட்டை வரும். 'நானும் என் அவருதானும் நலம்' என்று எழுதுவாள். புருஷன் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, பதினாலாம் நம்பருக்கு வருகிறேன். கிளினிக்கோ பள்ளிக்கூடமோ, எங்கே யார் அப்பா பேரைக் கேட்டாலும் அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் சொல்வேன். மூன்று வயதிலிருந்து அது என் வேலை. அன்றும் மார்கரெட் கேட்டதும் அம்மா பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது. மார்கரெட் பக்கம் திரும்பி, "தடா சாக்காப்" என்றார். நாங்கள் சொல்வதில்லை என்று அர்த்தம். மார்கரெட்டின் காதில் 'தடா' மட்டும் விழுந்தது. ஐயோ பாவம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு என்னவோ எழுதினாள்.

"பிள்ளைகள்?"

"மூணு. ரெண்டு பையன், ஒரு பொண்ணு."

"பெண் எங்கே?"

"கோலாலம்பூர். படிக்கிறா." அம்மா கொஞ்சம் நிறுத்தினார். "பெலும் பாலேக்."

இன்னும் வீடு திரும்பவில்லை. அதையும் மார்கரெட் எழுதிக்கொண்டாள்.

மீன்காரரும் நல்லெண்ணெயும்

மூன்றாம் நாள் காலையில் கெட்டது குடி என்று நினைத்தேன். சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரப் பெரியவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. லயத்து முன்னால் வண்டியை நிறுத்தியவர் என்னைப் பார்த்ததும், "ஏய் பத்மா, பிலா பாலேக்?" என்றார். எப்போது வந்தாய் என்று கேட்கிறார். பக்கத்தில் சாந்தினி.

"உன் பேர் அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறக்குமுன் மாரியாயி அக்கா தன் பாசார் மலாயில் புகுந்தார். "அவரு எல்லாப் பொண்ணையும் பத்மான்னுதான் கூப்பிடுவாரு. கண்ணு சரியில்ல." உடனே சாந்தினியை முன்னால் தள்ளி, "பாரு, இதுவும் பத்மா" என்றார். பெரியவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டு கெம்போங் மீனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்தார்.

தப்பித்தேன். ஆனால் அன்று மத்தியானம் நடந்ததில் இருந்து தப்பிக்க முடியவில்லை.

குளித்துவிட்டு வந்த மார்கரெட்டை அம்மா பிடித்து முன்னால் உட்கார வைத்து, அவள் செம்பட்டைத் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். "ஏ மாக்ரேட்டு, தலைய ஆட்டாதடி. என்னா முடிடி இது, தேங்கா நாரு மாரி. உங்காத்தா எண்ணெயே காட்டலியா?" அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகச் சிரித்தாள். அம்மா அவள் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

அந்தக் குட்டு என்னுடையது. அந்த 'டி' என்னுடையது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கும் கொஞ்சம் எண்ணெய் வைக்கட்டுங்களா?"

"வேணாங்க" என்றேன். எழுந்து பின்பக்கம் போனேன். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தட்டோடு எழுந்து நின்று, மேலாளர் வந்தால் ஒதுங்குவது போல ஒதுங்கி வழிவிட்டார். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவருக்குப் பயம், எனக்காக. நான் என்ன செய்தேன் தெரியுமா? வழியில் நடந்து போய்விட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மண்டபத்தில்

கடைசி நாள். தோட்டத்து மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பெரிய கிராணியும் மண்டோரும். பெண்கள் இடது பக்கம். அப்பா கடைசி வரிசையில், தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் மார்கரெட் ஆங்கிலத்தில் அறிக்கை வாசிக்க, நான் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்ல வேண்டும்.

"இந்தத் தோட்டத்தின் பெரும்பான்மைக் குலம், அவருதான் குலம்" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மாரியாயி அக்கா பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டார். விரிவுரையாளர் தன் ஆராய்ச்சிக்குக் கிடைத்த வரவேற்பு என்று எண்ணித் தலையாட்டினார்.

மார்கரெட் அடுத்த தாளை எடுத்தாள். உருக்கமான குரலில் வாசித்தாள். "பதினாலாம் எண் வீட்டை என்னால் மறக்க முடியாது. அந்தத் தாய் ஒரு விதவை. பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்க்கிறார். படிக்கப் போன மகள் வீடு திரும்புவதில்லை. பின்பக்கம் வந்து சாப்பிட்டுப் போகும் ஒரு கூலியாளைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு துணை இல்லை."

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. இங்கிலீஷ் புரிந்த பெரிய கிராணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

என் முன்னால் இரண்டு வழி. உள்ளதை அப்படியே தமிழில் சொல்லலாம். என் அம்மா தாலி கட்டியிருக்கும்போதே விதவை என்று, பின்பக்கம் ஓர் ஆள் வந்து போகிறான் என்று, ஊரைக் கூட்டி ஒலிபெருக்கியில், அப்பா வெள்ளைச் சட்டையோடு கேட்டுக்கொண்டிருக்க. இல்லையென்றால் வாயில் வந்ததைச் சொல்லி மழுப்பலாம். ஒரு வருடமாக எனக்கு நன்றாக வந்த கலைதானே அது.

மழுப்பத்தான் வாயைத் திறந்தேன். பெண்கள் வரிசையில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாமல், கிளினிக்கில் பார்ப்பாரே, அதே பார்வை. நீ சொல்லு என்கிற பார்வை.

"சொல்" என்றார் விரிவுரையாளர், ஆங்கிலத்தில்.

"பதினாலாம் நம்பர் வீடு" என்றேன். "படிவத்துல தப்பா எழுதிட்டாங்க. அந்தம்மாவோட வீட்டுக்காரர் இருக்காரு. பேரு வீராசாமி. செம்பனைக் குலை வெட்டுறாரு. எங்கப்பா."

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். பெரட்டில் பேர் கூப்பிட்ட பழக்கம். அப்பா நிமிர்ந்து எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "இருக்கேங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மேடையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவருதான் குலத்தையும் அதே மூச்சில் அவிழ்த்துவிட்டேன். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பாடத்தில் நான் தேறியதே பெரிய பாடு.

சாந்தினி மேடையோரம் வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ரோஜாத் தோட்டம்?"

"அதுவும் தடா" என்றேன்.

"குரங்கு?"

"குரங்கு மட்டும் நெஜம்."

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். இன்றைக்கும் என்னை எங்கே கண்டாலும் ரோஜாச் செடி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாள்.

மார்கரெட் படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனாள். முகம் சிவந்திருந்தது. விதவை என்பதை அடித்தாள். கூலியாளை அடித்தாள். அவருதான் என்று எழுதப்போனவள் நிறுத்தி, என்னிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு, வீராசாமி என்று எழுதினாள். பிறகு பேனாவைக் கடைசி வரியில் வைத்து, சுத்தமான மலாயில், மகள் இன்னும் வீடு திரும்பவில்லை என்று சொன்னீர்களே என்று கேட்டாள்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து நாள் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது போல இருந்தது.

"சுடா பாலேக்" என்றார் அவளிடம். வந்துவிட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னாடி மரம் மாரி நிக்கிற? அம்புட்டு பேருக்கும் தேத்தண்ணி யாரு ஊத்துறது, உங்காத்தாவா? மொதல்ல உங்கப்பாவுக்குக் கொண்டுபோய்க் குடு, போ."